எளியோர்க்கு எழில் எதற்கு?

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், லாபிசுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே, சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் சாஆ. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அதன் கடைத்தெருவை நடந்து முடிக்க நெடுநேரம் வேண்டியதில்லை. தீபாவளி நெருங்கும் மாதத்துச் சனிக்கிழமைகளில், இவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் பல விடியுமுன்னரே எழுந்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஜொகூர் பாருவுக்குப் புறப்படுகின்றன. எண்ணெய் தடவி வாரிய தலையுடன் பிள்ளைகள் முன்னே நடப்பர். தாயின் கைப்பையில் ஓர் உறை இருக்கும். உறைக்குள் இருப்பது பல மாதங்களாக எண்ணி எண்ணிச் சேர்த்த வெள்ளி.

திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் அப்போது ஒரு கேள்வி கேட்பார்.

"ஏம்மா, இங்கே கிடைக்காத துணியா? கைக்கும் வாய்க்கும் பற்றாத சம்பளத்திலே அலங்காரம் எதுக்கு?"

"வருசத்திலே ஒரு நாள்தானே மாமா. பிள்ளைங்க ஆசைப்படுதுங்க" என்று சொல்லிவிட்டு மருமகள் படியிறங்குவாள். முதியவர் மறுமொழி சொல்லமாட்டார். ஆயினும் அவருடைய கேள்வி வண்டியிலேறி அவர்களுடனேயே செல்லும்.

அவர் கேட்டது வீட்டுக் கேள்விதான். எனினும் அஃது ஓர் அறக் கேள்வியும் ஆகும். வருவாய் குறைந்தவர் அழகை விரும்பலாமா? விரும்பினால் அதற்காகச் செலவிடலாமா? பசியும் நோயும் கல்வியும் வாயிலில் காத்து நிற்கும்போது, பூவுக்கும் பொட்டுக்கும் நல்ல சட்டைக்கும் நாவுக்கு இனிய ஒரு வேளை உணவுக்கும் கொடுக்கும் பணம் வீண் செலவா? பள்ளிகளின் ஆசிரியர் அறையிலும் இக்கேள்வி எழுவதுண்டு. பயிற்சி நூலுக்குப் பணம் தர நாள் கேட்ட தாய், மகளுக்குப் பட்டுப் பாவாடை வாங்கித் தந்திருக்கிறாளே என்று ஆசிரியை ஒருவர் குறைப்பட்டுக்கொள்வார். கேட்டிருப்போர் தலையசைப்பர். அந்தத் தலையசைப்பு முறைதானா என்பதை ஆராய்வது ஆசிரியர்களுக்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களுக்கும் பொருந்துவதே.

முதலில் முதியவரின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது சிறிதன்று. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடாக 187 வெள்ளி கழிந்துவிடும். எஞ்சியதில் அரிசி, எண்ணெய், மின் கட்டணம், மோட்டார் சைக்கிள் தவணை, பள்ளிப் பேருந்துக் கட்டணம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். இருவர் உழைக்கும் குடும்பமாயினும், ஒருவர் நோயுற்றுப் படுத்தால் கணக்குக் குலைந்துவிடும். முதியவர் வளர்ந்த காலத்தில் தோட்டத்துக் கடையில் கடன் புத்தகம் ஒன்று இருந்தது. சம்பள நாளன்று கடைக்காரர் வந்து நிற்பார். கைக்கு வந்த பணம் வீட்டுக்கு வருமுன்னரே அவர் பெட்டிக்குப் போய்ச் சேரும். தீபாவளிக்கு எடுத்த துணியின் கடன் அடுத்த தீபாவளி வரையில் நீண்டதும் உண்டு. பெண்கள் கூட்டுப் போட்டுப் பணம் சேர்த்தனர். மாதந்தோறும் ஒவ்வொருத்தியும் ஒரு தொகை போட, முறை வைத்து ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். தோட்டத்துப் பெண்கள் பலரின் கழுத்தில் ஏறிய சங்கிலி அவ்வாறு வந்ததே. கூட்டுப் பிடித்தவள் ஓரிரவில் ஊரைவிட்டு மறைந்ததும், பலர் கண்ணீர் விட்டதும் அக்காலத்தோர் அறிந்த கதைகள். 1971ஆம் ஆண்டில் கூட்டு நிதியைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்ததனால் கூட்டு ஒழிந்ததா என்பது வேறு செய்தி.

கடன் புத்தகம் இன்று மறைந்துவிட்டது. ஆனால் கடன் மறையவில்லை. விளக்குக் கம்பங்களில் தொலைபேசி எண்ணை ஒட்டிவைத்துக் காத்திருக்கும் ஆலோங் ஒருபுறம். இப்போது எடுத்துக்கொள், மூன்று தவணையில் பிறகு கட்டு என்று கைப்பேசித் திரையில் இனிமையாக அழைக்கும் வணிகம் மற்றொருபுறம். முன்னவனுக்கு அஞ்சி ஒதுங்குவோரும் பின்னதற்கு அஞ்சுவதில்லை. ஆகவே, முதியவரின் கடுமொழியை ஏதோ பழங்காலத்தின் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடல் ஆகாது. கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அவர் கண்ணாரக் கண்டவர்.

ஆயினும் அவர் சொல்லில் மற்றொரு கருத்தும் ஒளிந்திருக்கிறது. தேவைகள் முதலில், அழகு பின்னர். தேவை முற்றும் நிறைவேறாதவர்க்கு அழகைப் பற்றிய பேச்சே கூடாது என்பது அக்கருத்து. மக்கள் வாழ்க்கை இவ்வரிசையில் என்றுமே நடந்ததில்லை. தோட்டத்து லயங்களைக் கண்டவர்கள் இதை அறிவர். ஒரே அளவினவாய், ஒரே நிறத்தினவாய் வரிசையாக நின்ற அவ்வீடுகளின் வாயிலில், காலிப் பால் டின்களில் செடிகள் வளர்ந்தன. மாட்டுச்சாணம் தெளித்த தரையில் கோலம் விழுந்தது. விடியலில் தலையில் துணி சுற்றி, பால்கறை படிந்த சட்டையுடன் மரம் வெட்டப் போன பெண், மாலையில் குளித்து, முகத்திற்கு மாவு பூசி, செம்பருத்தியோ மல்லிகையோ கிடைத்ததைத் தலையில் சூடிக்கொண்டு படியில் அமர்ந்தாள். அவளுக்குத் தேவை எதுவும் தீர்ந்துவிடவில்லை. பகல் முழுதும் கூலிக்காரியாய் இருந்தவள், அந்த ஒரு மணி நேரம் தனக்கு உரியவளாய் இருந்தாள். அந்தப் பூவை வீண் என்பவர் யார்?

தேவை என்பது யாது என்பதே எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று. பொருளியலின் தந்தை எனப்படும் ஆதம் சுமித், 1776இல் வெளிவந்த தம் நூலில் ஒரு சட்டையைப் பற்றி எழுதுகிறார். பண்டைய கிரேக்கரும் உரோமரும் லினன் துணியில்லாமலே நலமாக வாழ்ந்தனர். ஆகவே, உயிர் வாழ லினன் சட்டை தேவையன்று. ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவில், நாட்கூலி பெறும் மானமுள்ள தொழிலாளி ஒருவன் லினன் சட்டையின்றி நாலு பேர் முன் வர நாணுவான். ஆதலின் அச்சட்டை அவனுக்குத் தேவைப் பொருளே என்பது அவர் கொள்கை. கணக்குப் போட்டே பெயர் பெற்ற ஒருவர், வெட்கத்தையும் கணக்கில் சேர்த்தார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. உயிரைக் காக்கும் தேவைகளோடு மானத்தைக் காக்கும் தேவைகளும் மனிதர்க்கு உண்டு.

எளிமையாக இரு என்று பிறருக்குச் சொன்னவர்கள் வரலாற்றில் யார் என்று பார்த்தாலும் உண்மை விளங்கும். உரோமாபுரியில் கி.மு. 215இல் ஒரு சட்டம் வந்தது. பெண்கள் அரை அவுன்சுக்கு மேல் பொன் வைத்திருக்கலாகாது. பல வண்ண ஆடை அணியலாகாது என்று அது விதித்தது. போர்க் காலத்துச் சட்டம் அது. போர் முடிந்து ஆண்டுகள் சென்றும் அது நீங்கவில்லை. கி.மு. 195இல் பெண்கள் வீதிகளில் திரண்டு வற்புறுத்திய பின்னரே நீங்கியது. நீக்கக்கூடாது என்று வாதிட்டவர் கேட்டோ. அவரோ ஆண்.

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. திருவிதாங்கூர் அரசில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணிவதே குற்றமாகக் கருதப்பட்டது. மேல்சாதியார் முன்னிலையில் திறந்த மார்புடன் நிற்பதுதான் அவர்களுக்கு விதித்த மரியாதை. அணிந்து வந்தவர்களின் துணி தெருவில் கிழிக்கப்பட்டது. வீடுகள் தீக்கிரையாயின. பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின், 1859இல் அரசு இசைந்தது. அப்போதும் முழுமனத்தோடு இசையவில்லை. மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்று ஒரு நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனையைச் சற்று நின்று நோக்க வேண்டும். உடலை மறைத்தல் தேவை என்பதை ஒப்புக்கொண்டவர்கள், அழகாக மறைத்தலை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டனர். உனக்குத் துணி போதும், எழில் எதற்கு என்பதே அதன் பொருள். திண்ணை முதியவர் அறியாமலே கேட்ட கேள்வியின் பழைய உருவம் இது. அவர் அன்பினால் கேட்டார்; அவர்கள் ஆணவத்தால் கேட்டனர். சொற்கள் ஒன்றாக இருப்பதுதான் வருந்தத்தக்கது.

எளிமை தானே தேர்ந்துகொண்டதாயின் அதன் மதிப்பு வேறு. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் மேலாடையைக் களைந்து, முழங்கால் அளவுத் துணியை உடையாகக் கொண்டார். இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் நாகரிக உடை அணிந்து பழகியவர் அவர். துறப்பதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. அதே காலத்தில் வாழ்ந்த அம்பேத்கர், கழுத்துப்பட்டையுடன் கூடிய முழு உடையில் மக்கள் முன் நின்றார். அவர் பிறந்த மகார் குலத்தாரிடம் ஊர் எதிர்பார்த்தது கந்தலை. ஆகவே, மடிப்புக் கலையாத அந்த மேற்சட்டை ஒரு மறுப்பாயிற்று. ஒருவர் உடையைக் குறைத்து மானத்தைக் காத்தார். மற்றவர் உடையை நிறைத்து மானத்தைக் காத்தார். இருவருள் ஒருவரை மட்டும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பறையில் பாடம் பாதியில் நிற்கிறது.

இனி ஆசிரியர் அறைக்குத் திரும்பலாம். பயிற்சி நூலைக் கேட்க ஆசிரியைக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஆனால் நூலின் விலையைப் பாவாடையின் விலையோடு ஒப்பிட்டு ஒரு தாயை எடைபோடும் உரிமை அவருக்கு உண்டா? வசதியுள்ள தகப்பன் மகனுக்கு விலையுயர்ந்த காலணி வாங்கித் தந்தால் அதை எவரும் கணக்கிடுவதில்லை. இல்லாதவளின் செலவு மட்டும் எல்லோருடைய பார்வைக்கும் வந்துவிடுகிறது. அந்தச் சிறுமி கலைநிகழ்ச்சியில் பின் வரிசையில் ஒளியாமல் முன் வரிசையில் நிற்பதற்கு அப்பாவாடை காரணமாயின், அதுவும் கல்விக்கு ஆன செலவின் ஒரு பகுதியே. ஒளிந்து நிற்கப் பழகிய பிள்ளை, வினாவுக்கு விடை தெரிந்தும் கை உயர்த்தாது. இதை அறியாத ஆசிரியர் இல்லை.

செலவிடலாம் என்று சொல்லிவிட்டால் போதாது. எங்கே, எவ்வாறு என்பதில்தான் அறிவின் வேலை இருக்கிறது. ஜொகூர் பாரு இவ்வகையில் விந்தையான நகரம். 1924இல் திறக்கப்பட்ட பாலம் அதனைச் சிங்கப்பூருடன் இணைக்கிறது. 1973 வரையில் அங்கும் இங்கும் ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி என்றே பணம் மாறிற்று. அவ்வாண்டில் மலேசியா அந்த உடன்பாட்டிலிருந்து விலகியது. இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் பெறும். வார இறுதியில் பாலத்தைக் கடந்து வருவோர்க்கு ஜொகூர் பாருவின் முடிதிருத்தும் நிலையமும் உணவகமும் துணிக்கடையும் மலிவின் சொர்க்கம். அதே உணவகத்தில், அதே கோழிக் குழம்புக்கு முன்னால், அடுத்த மேசையில் சாஆவிலிருந்து வந்த குடும்பம் விலைப்பட்டியலைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு மட்டும் ஒரு தட்டுச் சொல்கிறது. ஒருவருடைய சிக்கனம் மற்றவருடைய ஆடம்பரமாய் இருக்கும் ஊர் இது. பேரங்காடிகளின் கண்ணாடிச் சாளரங்கள் முன்னவருக்காக ஒளிர்கின்றன. அவற்றைக் கண்டு, நகரம் முழுதும் தமக்கு உரியதன்று என எண்ணிவிடும் தோட்டத்து இளைஞன், ஒன்று ஏங்குகிறான். அல்லது தவணையில் வாங்குகிறான்.

அவனுடைய தாயோ வேறு வழி அறிந்தவள். கோயில் கோபுரம் தெரியும் ஜாலான் உங்கு புவான் பக்கத்துக் கடைகளில் அவள் துணியை முதலில் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் பார்க்கிறாள். நூல் எத்தகையது, சாயம் நிற்குமா, ஓரம் பிரியுமா என்பதை அவள் பெருவிரலும் சுட்டுவிரலும் அறியும். பிராண்டின் பெயர் தெரியாது. துணியின் குணம் தெரியும். இரண்டு முழம் கூடுதலாக வாங்கிப் பாவாடையின் அடியில் மடித்துத் தைக்கச் சொல்வாள். மகள் வளர வளர மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரியும். மூன்று தீபாவளி அப்பாவாடையில் அடங்கிவிடும். இதனைச் சிக்கனம் என்று மட்டும் சொன்னால் போதாது, இது கலை. பள்ளிகளில் மதிப்பெண் பெறாத கலை.

மலேசியாவெங்கும் உள்ள பண்டல் கடைகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். சப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பயன்படுத்திய ஆடைகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. மூட்டை பிரித்து விற்பதனால் பண்டல் என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இவ்வாணிகம் பெரிது. அங்கே சுவாகிலி மொழியில் இவ்வாடைகளை மிதும்பா என்பர். அச்சொல்லுக்கும் மூட்டை என்றே பொருள். பிறர் உடுத்த துணியை உடுப்பதா என்று நம்மவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. தீபாவளிக்கு அது பொருந்தாது என்றால் ஒப்புக்கொள்ளலாம். புத்தாடை என்பது அந்நாளின் மரபு. மற்ற நாட்களுக்கு, நல்ல பருத்தியில் உறுதியாகத் தைத்த ஒரு சட்டையைத் தேடிக் கண்டெடுத்து, பொத்தான் மாற்றி அணியும் இளைஞன், தவணையில் வாங்கிய புதுச் சட்டைக்காரனைவிட எவ்வகையில் தாழ்ந்தவன்?

உணவின் செய்தியும் இத்தகையதே. ஜொகூர் லக்சா என்னும் உணவில் இத்தாலிய நாட்டு ஸ்பாகெட்டி இடம்பெறுகிறது. மேனாட்டுப் பயணத்தில் அதைச் சுவைத்த சுல்தான் அபு பக்கார் அரண்மனைச் சமையலில் புகுத்தினார் என்று மக்கள் சொல்லி வருகின்றனர். அரண்மனையில் பிறந்ததாகச் சொல்லப்படும் அவ்வுணவு, இன்று ஒட்டுக்கடையிலும் கிடைக்கிறது. ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919 முதல் விறகடுப்பில் சுட்டுவரும் ஹியாப் ஜூ ரொட்டிக் கடையின் வாழைப்பழ கேக்கை வாங்க, சிங்கப்பூர்க்காரரும் சாஆக்காரரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். சற்றுத் தொலைவில் ஜாலான் டோபி. சலவைத் தொழிலாளரால் பெயர் பெற்ற தெரு. அங்கே 1937இல் தொடங்கிய சலாவுடின் ரொட்டிக் கடையின் கறி பப் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, பழைய கட்டடங்களின் நிழலில் நடக்கலாம். அருகே ஓடும் பெரிய சாலைக்கு வோங் ஆ ஃபூக்கின் பெயர். அவர் சீனத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தச்சர். பின்னாளில் 1866இல் எழுந்த இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டியவர். இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடக்கும் தகப்பனுக்கு, அந்த நடை ஒரு காசும் கேட்பதில்லை.

உண்டு களிப்பதே வாழ்க்கை என்னும் கொள்கைக்கு எபிக்யூரசின் பெயரை இட்டு வழங்குகின்றனர். அந்தக் கிரேக்க அறிஞரோ பெரும்பாலும் ரொட்டியும் நீரும் உண்டு வாழ்ந்தவர். விருந்து செய்ய விரும்பும் நாளில் பயன்படும் என்று நண்பர் ஒருவரிடம் ஒரு சிறு குடுவைப் பாலாடைக்கட்டி கேட்டாராம். எப்போதோ வருவதால் அந்தப் பாலாடைக்கட்டி அவருக்கு விருந்தாயிற்று. நாள்தோறும் பேரங்காடியில் உண்பவருக்கு இல்லாத ஒன்று, ஆண்டிற்கு இருமுறை வாழையிலை முன் அமரும் தோட்டத்துச் சிறுவனுக்கு உண்டு. அப்பளம் நொறுங்கும் ஓசையைக்கூட அவன் தவறவிடுவதில்லை. இதைச் சொல்லி வறுமையைப் போற்றுவதாகக் கொள்ளலாகாது. நாள்தோறும் உண்ண அவனுக்கும் வசதி வரட்டும். சுவையைக் கூட்டுவது விலை மட்டுமன்று என்பதே கருத்து.

இரவில் கூடும் சந்தை தமிழர்க்குப் புதியதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் காட்டுகிறது. ஜொகூர் பாருவின் குடியிருப்புப் பகுதிகளில் கூடும் இரவுச் சந்தைகளை அவற்றின் வழித்தோன்றல் எனலாம். விளக்கொளியில் வளையல் மின்னுகிறது. அப்பம் பாலிக் சட்டியில் வேகிறது. வேடிக்கை பார்க்கக் கட்டணம் இல்லை. தெப்ராவ் சாலைப் பக்கத்து இராஜகாளியம்மன் கோயிலும் இவ்வகையில் எண்ணத் தக்கது. 1922இல் எளிய கொட்டகையாகத் தொடங்கிய அக்கோயில், 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயிலாகத் திறக்கப்பட்டது. துண்டு ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் மதிப்பற்றது. பொருத்தியவர்களின் பொறுமையால் சுவர்கள் சுடர்கின்றன.

இதுவரையில் சொன்னவை மனத்துக்கு இனியவை. இனிச் சொல்ல வேண்டியவை அத்தகையன அல்ல. மலிவாக வாங்கிய பொருளின் மீதி விலையை யார் கொடுத்தார் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. 2013 ஏப்ரல் 24ஆம் நாள், வங்காளதேசத்தின் டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்தது. மேனாட்டுக் கடைகளுக்காகத் துணி தைத்த தொழிற்சாலைகள் பல அதனுள் இருந்தன. இறந்தவர் 1,134 பேர். பெரும்பாலோர் பெண்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. எனினும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். சம்பளத்துக்கு அஞ்சி வந்தார்கள். எவளோ ஒருத்தி தன் மகளுக்குத் தீபாவளிச் சட்டை மலிவாக வாங்கினாள் என்றால், அவளைப் போன்ற மற்றொருத்தி அதைத் தைத்திருக்கிறாள். தோட்டத்துத் தாய் ஒவ்வொரு சட்டையின் பிறப்பையும் ஆராய இயலாது. அந்தப் பொறுப்பை அவள் தலையில் வைப்பது அநீதி. ஒருமுறை உடுத்தி எறிவோர்க்கும், விற்று இலாபம் பெறுவோர்க்கும் அப்பொறுப்பு மிகப் பெரிது. அவள் பாவாடையின் மடிப்பைப் பிரித்து மூன்றாண்டு உடுத்தச் செய்கிறாள். பிறகு தங்கை மகளுக்குக் கொடுக்கிறாள். இறுதியில் அது கைப்பிடித் துணியாகிறது. தைத்தவளின் உழைப்பை அவ்வளவு நாள் மதித்தவர் வேறு யாரும் இலர். ஆயினும் அவள் மகள் படித்து, சம்பளம் பெருகி, அலமாரி நிறைந்த பின்னும் இது எங்கே பிறந்தது என்று கேளாதிருந்தால், அன்று அறியாமையைச் சொல்லித் தப்ப இயலாது.

மற்றொன்று இன்னும் நெருக்கமானது. இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியும் மலிவாக விற்கும் முகப்பூச்சுகள் சில, ஓரிரு வாரத்தில் நிறத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்கின்றன. அவற்றுள் பாதரசம் கலந்தவை உள்ளன என்று மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவிலுள்ள குழந்தையையும் விடாது. உடலுக்கு வரும் கேடு இது. உள்ளத்துக்கு வரும் கேடு அதற்கு முன்னரே வந்துவிடுகிறது. தன் தோலைக் கண்டு நாணக் கற்ற சிறுமிதான் அந்தப் புட்டியை வாங்குகிறாள். இந்தியாவில் பல பத்தாண்டுகள் விற்ற வெண்மைப் பூச்சு ஒன்று, 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது. பெண் பார்க்கும் வீட்டில் கேட்கும் கேள்வி மாறியதா?

மாலையில் பூச்சூடிய பால்மரத்துப் பெண்ணையும் இந்தச் சிறுமியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இருவரும் அழகுக்காகச் செலவிட்டவர்களே. அந்தப் பெண் கொடுத்தது ஒன்றுமில்லை, பெற்றதோ தன்னையே. சிறுமி கொடுத்தது பத்து வெள்ளியாக இருக்கலாம். அதற்காக இழந்ததோ தன் முகம். ஆகவே, விலையை மட்டும் வைத்து ஒரு செலவைச் சிக்கனமென்றோ வீணென்றோ தீர்ப்பது இயலாது. திண்ணை முதியவர் வெள்ளியை எண்ணினார். எண்ண வேண்டியதுதான். பட்டுப் பாவாடைக்கு நெற்றி சுருக்கிய அவர் கண்ணுக்கு, மாடத்தில் இருந்த அந்தச் சிறு புட்டி மட்டும் படவில்லை. அது மலிவு. பள்ளியிலும் நிலை இதுவே. கருப்பி என்று தோழியர் அழைக்க ஒருத்தி சிரித்துக்கொண்டே குனிந்ததைக் கண்டும் காணாதிருக்கும் ஆசிரியர், பாவாடையைப் பற்றிப் பேசத் தகுதி உடையவரா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

குடும்பம் திரும்புகையில் இருட்டிவிடுகிறது. யோங் பெங்கைக் கடந்ததும் சாலையின் இருமருங்கும் செம்பனை மரங்கள். மகள் தாயின் தோளில் சாய்ந்து உறங்குகிறாள். கையில் பிடித்த பை நழுவும் போதெல்லாம் கண் விழித்துப் பற்றிக்கொள்கிறாள். வீட்டில் விளக்கு எரிகிறது. முதியவர் இன்னும் உறங்கவில்லை. துணிகளைப் பாயில் பரப்புகின்றனர். மருமகள் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் முன் வைக்கிறாள். பச்சைக் கரை போட்ட வேட்டி. உறையில் எஞ்சிய வெள்ளியை அவர் கணக்கிட்டுத்தான் இருப்பார். ஆயினும் அதைக் கேட்கவில்லை. வேட்டியின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார்.

"கரை சாயம் போகாதே?" என்கிறார்.

"போகாது மாமா. பார்த்துத்தான் எடுத்தேன்."